பூஜ்யத்தை நம்பாதவர்

வேலை கேட்டு வந்த இடத்தில், நேர்காணலுக்கு நடுவில் எழுந்து போய், எங்கள் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கியவர் அந்த அம்மா. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. பிடுங்கியதை நேரில் பார்த்தவன் நான். நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தவனும் நான்தான்.

வில்லியனூர் மெயின் ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி, நான், இன்னும் ஆறேழு பேர். கடலோர ஊர்களில் எந்தப் படகு கடலுக்குப் போயிருக்கிறது, எது திரும்பிவிட்டது என்று பதிந்து வைப்பது எங்கள் வேலை. ஊருக்கு ஒருவர் கரையில் நின்று, படகு கிளம்பும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் போனில் தட்டிப் பதிவார். மீன்வளத் துறை அதிகாரியின் அறையில் ஒரு திரையில் "கடலில் உள்ள படகுகள்" என்று எண் ஓடும். காற்று எச்சரிக்கை வந்தால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் யாரையாவது தேடப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அன்று நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள், அவற்றுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றையும் மேய்ப்பதற்குக் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள், எது படுத்தாலும் அது எழுப்பி உட்காரவைத்துவிடும், ஆகவே எங்களுக்குக் கவலையே இல்லை என்று அளந்துகொண்டிருந்தேன்.

"மூணும் தனித்தனியாத்தான் இருக்குதா சார்?" என்று கேட்டார்.

"தனித்தனியாத்தாம்மா."

"பாத்தீங்களா?"

"நம்ம பசங்கதாம்மா செட் பண்ணாங்க."

"அதில்ல சார். ஒண்ணத் தள்ளிவுட்டுப் பாத்தீங்களான்னு கேக்கறன்."

நான் பதில் யோசிப்பதற்குள் எழுந்துவிட்டார். மூலையில் மூன்று பெட்டிகள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்ததன் கம்பியைப் பிடுங்கி, வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், எங்கள் மொத்தப் பிழைப்பும் அணைந்தது. மூன்று பிரதிகளையும் குபர்நெட்டிஸ் அந்த ஒரே பெட்டியில் அடுக்கி வைத்திருந்தது. தனித்தனியாக வை என்று நாங்கள் அதனிடம் சொல்லவே இல்லை. மற்ற இரண்டு பெட்டிகளும் மாதக்கணக்கில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. திரும்ப எல்லாவற்றையும் எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது.

முதலாளி தன் அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். அந்த அம்மா அசையவில்லை. "இன்னாத்துக்கு சார் என்னக் கத்தறீங்க? நான் புடுங்குனதால இப்ப தெரிஞ்சுது. அதுவே படுத்திருந்தா எப்பத் தெரியும்?" என்றார். வேலை கிடைத்தது. வெளியே போய் இதைச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் முதலாளி சேர்த்துக்கொண்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். பாகூரில் கரும்பு போடும் குடும்பம். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே, கண்டக்டரிடம் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி முகம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு விட்டுப்போய், பச்சை நூல் சுற்றியிருக்கும். புதுசு வாங்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "இது தெனம் வுழுவுது, இன்னும் ஒடையல. புதுசு எப்பிடியோ, யாரு கண்டா" என்றார். எதைக் காட்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "நிக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வுழுந்து எழுந்திரிக்கட்டும், அப்பறம் சொல்றன்."

என் மகளின் காதுகுத்துக்கு வந்தவர், மண்டபத்து வாசலில் ஜெனரேட்டர்காரனைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் போனால் இது தானாக ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றான். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டார். ஆசாரி கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், மண்டபம் இருட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் ஓடவில்லை, அதில் டீசலே இல்லை. என் மாமியார் அந்த அம்மாவை அதற்குப் பிறகு மன்னிக்கவே இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நிஜமாகவே கரண்ட் போனபோது விளக்கு எரிந்தது, ஏனென்றால் அதற்குள் டீசல் வந்திருந்தது. இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மூன்று பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் மூன்றும் ஒன்றுதான் என்று வந்த மாதமே ஆரம்பித்துவிட்டார். வில்லியனூரில் கரண்ட் போனால் மூன்றும் சேர்ந்து போகும் என்று முதலாளியை விடாமல் நச்சரித்து, ஒன்றை இங்கே விட்டு, மற்ற இரண்டையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்தார். ஒன்று கரியமாணிக்கத்தில், முதலாளியின் மச்சான் ரைஸ் மில்லில். இன்னொன்று பாகூரில், அவருக்குத் தெரிந்த ஒரு பாயின் பெயின்ட் கடையில், டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரியில். மூன்றுக்கும் நடுவே ஃபைபர் கேபிள் இழுத்தாயிற்று. "உலகத்துல எவனும் குபர்நெட்டிஸ ரைஸ் மில்லுல வெச்சிருக்க மாட்டான்மா" என்று நான் சிரித்தேன். "எவனும் வெக்கலன்னா வெக்கக் கூடாதா?" என்றார்.

பெயின்ட் கடை பாய்க்கு முதலில் அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, எந்நேரமும் மொணமொணன்னுகினே இருக்குது" என்று புகார் சொன்னார். "அது ஓடுதுன்னு அர்த்தம் பாய். சத்தம் நின்னாத்தான் எனக்கு போன் பண்ணணும்" என்றார் அந்த அம்மா. பாய் அதற்குப் பிறகு தினம் காலையில் கடை திறந்ததும் அலமாரியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நிற்காவிட்டாலும் போன் பண்ணுவார். "ஓடுதும்மா" என்று ஒரே வார்த்தை. அவர் வீட்டுக் கல்யாணத்தன்றுகூட அந்த போன் வந்தது.

பிறகு வந்ததுதான் செவ்வாய்க்கிழமைக் கொலை. பெயர் வைத்தது நாங்கள். வாரா வாரம் செவ்வாய் பதினோரு மணிக்கு, பதிவுகள் குவிந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, மூன்றில் ஒன்றை நிறுத்திவிடுவார். குபர்நெட்டிஸ் பதறிக்கொண்டு அதை எழுப்பப் பார்ப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். மூன்றில் இரண்டு இருக்கும்வரை எங்கள் டேட்டாபேஸ் வழக்கம்போல ஓடும். ஒன்றே ஒன்று மிஞ்சினால், அது சொல்வது பழையதா புதியதா என்று உறுதி இல்லை என்பதால் வாயைத் திறக்காது. அப்படி வைத்ததும் அவர்தான். விழுந்து எழுந்த பெட்டியை உடனே வேலைக்கு விடமாட்டார். "லீவுல போனவன் வந்த ஒடனே கையெழுத்துப் போடக் கூடாது. அவன் இல்லாதப்ப இன்னா நடந்துச்சின்னு படிச்சிட்டு வரட்டும்" என்பார்.

முதலாளிக்குச் செவ்வாய் என்றாலே ஆகாது. ஒருமுறை, மற்ற கடலோர ஊர்களுக்கும் இதை விரிவாக்கலாமா என்று பார்க்க அதிகாரியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். வந்தது செவ்வாய்க்கிழமை. "இன்னிக்கி ஒரு நாள் வுட்டுடும்மா, ஒன் கால்ல வேணா வுழறன்" என்றார் முதலாளி. "வுழுங்க சார், ஆனா பதினோரு மணிக்கு நிறுத்துவன்" என்றார். நிறுத்தவும் செய்தார், வந்தவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. திரையில் எண் இமைக்கக்கூட இல்லை. அதிகாரி கைதட்டினார். முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க கம்பெனியில வாராவாரம் இதப் பண்ணுவோம் சார்" என்றார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் அடுத்த சண்டைக்குப் போய்விட்டிருந்தார். "ஒண்ணத் தள்ளிப் பாத்தாச்சி. ரெண்டத் தள்ளிப் பாக்கணும் சார், எப்பப் பண்ணலாம்?" என்று கேட்டார். பண்ணவே கூடாது என்று முதலாளி தீர்த்துச் சொன்னார். மாதாமாதம் கேட்டார், மாதாமாதம் அதே பதில்தான்.

இரண்டும் சேர்ந்து விழுந்தது அந்த வருட ஆயுத பூஜைக்கு.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கம் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தினால் மறுநாள்தான் தொடுவார்கள். முந்தின நாள் மில்காரர் எனக்கு போன் செய்தார். "மில்லுல எல்லாத்தையும் நிறுத்தறம். ஒங்க பொட்டி மட்டும் ஓடிகினு இருந்தா நல்லாவா இருக்கும்? நிறுத்திடட்டா?" என்று கேட்டார். "நிறுத்துங்கண்ணே, ஒண்ணு போனா ஒண்ணும் ஆவாது" என்றேன். ஒன்று போனால் ஒன்றும் ஆகாது என்று அந்த அம்மா எங்களுக்கு வாராவாரம் காட்டியிருந்தார் அல்லவா, அந்தத் தெம்பு. மறுநாள் காலையில் வில்லியனூரில் முதலாளி தன் கையால் எங்கள் பெட்டியை நிறுத்தி, சந்தனம் தடவி, சாமந்தி மாலை போட்டார். அவருக்கும் அதே தெம்பு. மில்லைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்தேன். மில்காரருக்கு நேற்று என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது அதிகாரி முதலாளிக்கு போன் செய்தார். கடலில் காற்று பலமாக வீசப் போகிறது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, திரையில் பூஜ்யம் காட்டுகிறது, எல்லாப் படகும் கரையேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் போனில் பார்த்தேன். பூஜ்யம்தான். "ஆமா சார், ஜீரோதான்" என்றேன். அதிகாரி நிம்மதியாக வைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் அந்த அம்மா கூப்பிட்டார். விடுமுறை என்பதால் பாகூரில் வீட்டில் இருந்தவர். பனித்திட்டுக் கரையில் பதிவு செய்யும் பெண், காலையிலிருந்து எதைத் தட்டினாலும் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். உடனே பாய் கடைக்குப் போய் அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மெஷினு எங்க சார்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இங்க பூஜைம்மா. மில்லுலயும் பூஜை" என்றேன்.

"அப்ப அந்த ஜீரோ?"

டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டால் திரையில் பூஜ்யம் காட்டு என்று எங்கள் நிரலில் ஒரு வரி இருந்தது. வெறும் கட்டமாக இருந்தால் அதிகாரி பயந்துவிடுவார் என்று எழுதிய வரி. எழுதியது நான்.

"நீங்க ஆன் பண்ணுங்க" என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். "பூஜ போட்ட மெஷினு. நாளைக்கித்தான் தொடணும்" என்றார் முதலாளி. அவர் குரலில் பக்திதான் இருந்தது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

"நீங்க நின்னு யோசிங்க. இருக்கற ஒண்ணுல இன்னா இருக்குதுன்னு நான் படிக்கறன்" என்று வைத்துவிட்டார்.

இனி நடந்ததைப் பாய் பிறகு எனக்குச் சொன்னார். மிஞ்சியிருந்த அந்த ஒரு பெட்டியிடம், மற்ற இரண்டையும் எதிர்பார்க்காதே, உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். நான்கு படகுகள் கடலில் இருப்பதாக அது சொன்னது. உடனே அதிகாரிக்கு நேராக போன் போட்டார். "சார், எங்க பூஜ்யத்த நம்பாதீங்க. பூஜ்யம்னா யாரும் இல்லன்னு இல்ல, எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம். நாலு படகுன்னு ஒரு லிஸ்டு இருக்குது. அதுக்கும் நான் சத்தியம் பண்ண மாட்டன். நாலுல ஒண்ணு ரெண்டு வந்திருக்கலாம், இதுல இல்லாதது வெளிய இருக்கலாம். வூடு வூடாத்தான் கேக்கணும்" என்றார். பாய் வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மற்ற ஊர்களைக் கேட்கத் தன் போனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பனித்திட்டுப் பெண் தெருத் தெருவாக ஓடினாள். பட்டியலில் இல்லாத படகு எதுவும் வெளியே இல்லை என்று தெரிந்தது. அந்த நான்கில் இரண்டு படகுகள் மதியமே கரை சேர்ந்து, பதிவு செய்ய முடியாமல் இருந்திருக்கின்றன. ஒன்று வீராம்பட்டினத்தில் ஒதுங்கியிருந்தது. நான்காவது நிஜமாகவே வெளியே இருந்தது, ஐந்து பேர். எச்சரிக்கையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அதிகாரி வயர்லெஸ்ஸில் எங்கள் பதிவில் சேராத வெளியூர்ப் படகுகள் வழியாக ஆள் பிடித்துச் சேதி சொல்லி, காற்று முழுசாக எழும்புவதற்குள் அவர்கள் கரையேறினார்கள். நான் சொன்ன ஜீரோவை மட்டும் நம்பியிருந்தால் அவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். பூஜைக்கு நிறுத்தினோம் என்று எழுதினால் சிரிப்பார்கள், புது ஊர்களுக்கான ஒப்பந்தமும் போய்விடும் என்றார் முதலாளி. "பாகூரு பொட்டி நின்னு போச்சின்னு எழுது. கடக்காரரு ஆஃப் பண்ணிட்டாருன்னு எழுது. பெயின்ட்டு கடை பாயி, அவரு எங்க வந்து கேக்கப் போறாரு?" என்றார். "கடைக்காரரின் கவனக்குறைவால் பாகூர் மையம் செயலிழந்தது" என்று நான் தட்டச்சு செய்தேன். அந்தக் "கவனக்குறைவு" என் சொந்தச் சரக்கு. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மூன்று பேர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அம்மா நின்றபடியே படித்தார்.

"வுழாம நின்னது அது ஒண்ணுதான் சார். அத வுழுந்துச்சின்னு எழுதியிருக்கீங்க."

"எட்டுக் குடும்பம் இதுல சாப்புடுதும்மா" என்றார் முதலாளி.

"அஞ்சு பேரு கடல்ல இருந்தாங்க."

"அதான் வந்துட்டாங்கல்ல?"

"நீங்க சொல்லியா வந்தாங்க?"

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்துப் போட்டாப் போடு. இல்லன்னா நாளையிலேர்ந்து வராத" என்றார்.

"நாளைக்கி வரைக்கும் இன்னாத்துக்கு சார்? இப்பவே போறன்" என்றார். உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். நான் மடித்துப் பையில் வைக்கப் போனேன். "மடிக்காதீங்க. ஒண்ணொண்ணா அடிச்சித் தொறந்து பாருங்க. அப்பறம் தப்பாக் குடுத்துட்டுப் போய்ட்டான்னு என் மேல எழுதுவீங்க" என்றார். பதினேழையும் அடித்துப் பார்க்கவைத்து, பதினேழும் திறந்த பிறகுதான் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் போன பிறகு நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அதிகாரி என் போனுக்கே கூப்பிட்டார். முதலாளி எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கடிதம் வந்திருக்குங்க. ஒண்ணுல நீங்களும் உங்க முதலாளியும் கையெழுத்து போட்டிருக்கீங்க. இன்னொண்ணு அந்த அம்மா அனுப்பினது. கடைக்காரர் நிறுத்தினார்னு நீங்க சொல்றீங்க. பூஜைக்கு நீங்க நிறுத்தினதா அவங்க சொல்றாங்க. எது சரி?" என்று கேட்டார்.

தைரியசாலி என்று என்னை நானே ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்தப் பொய்யை இன்னொரு தரம் வாயால் சொல்ல வரவில்லை. "அந்தம்மா அனுப்புனதுதான் சார் சரி" என்றேன். முதலாளியின் கையிலிருந்த பேப்பர் மெதுவாக இறங்கியது. நான் எழுந்து கீழே மெத்தைக் கடை வாசலுக்கு வந்து, அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். உள்ளே ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு.

"அதிகாரி கேட்டாரும்மா. நீங்க எழுதுனதுதான் சரின்னு சொல்லிட்டன்."

"ம்" என்றார். பிறகு, "பாய் மேல பழி போட்டு எழுதுனது யாருன்னு சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"மில்லுக்கு நிறுத்துன்னு சொன்னது யாரு, அந்த ஜீரோவ எழுதுனது யாரு, அது?"

"அதையும் சொல்லலம்மா."

"அப்ப இன்னா சார் சொன்னீங்க? நான் பண்ணது சரின்னு எனக்கே தெரியும், அதுக்கு நீங்க எதுக்கு? நீங்க பண்ணத நீங்கதான சொல்லணும். வைங்க போன. மறுபடியும் அவருக்கே போடுங்க."

வைத்துவிட்டார். மேலே படிக்கட்டில் முதலாளி இறங்கி வரும் சத்தம் கேட்டது. நான் அதிகாரியின் எண்ணை அழுத்தி, அவர் எடுத்ததும், "சார், இன்னும் மூணு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.